பிகோனியாவைத் துடைக்காத மூன்று வாரம்

நெய்வேலியில் துப்புரவு வேலை பார்ப்பவள் கையில் ஈரத்துணி இல்லாமல் நிற்க முடியாது. காலையில் துடைத்த மேஜையில் மதியம் விரலால் எழுதலாம். காற்று சுரங்கப் பக்கமிருந்து வந்தால் பழுப்புத் தூசு. அனல் மின் நிலையப் பக்கமிருந்து வந்தால் வெளிர்ச் சாம்பல். ஜன்னலைச் சாத்தினாலும் சந்து கண்டுபிடித்து உள்ளே வரும். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தூசு இல்லாவிட்டால் எங்களை யார் வேலைக்கு வைப்பார்கள்? ஆனால் அந்த ஈரத்துணிதான் ஒரு வரிசை பிகோனியாச் செடிகளைக் கொல்லப் பார்த்தது. துணியைப் பிடித்திருந்த கை என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்த மாதிரி வந்து பேசக்கூடாது.

அப்போது டவுன்ஷிப்பில் ஒரு விருந்தினர் விடுதியில் கான்ட்ராக்டில் இருந்தேன். எனக்கு ஏ ஷிப்ட். காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் இரண்டு மணிக்கு வெளியே வருவேன். வரவேற்புக் கூடம், பின்பக்க வராந்தா, கீழ்த்தளக் கழிவறைகள் என் பொறுப்பு. பக்கத்து கிராமத்திலிருந்து சைக்கிள். கேட்டில் பாஸ் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். வருடத்துக்கு ஒரு முறை பாஸைப் புதுப்பிக்க வேண்டும். சூப்பர்வைசர் எழுதும் பட்டியலில் பெயர் இருந்தால் பாஸ் உண்டு. இல்லாவிட்டால் மறுநாள் முதல் அடுத்தவர் நிலத்தில் களைவெட்டு. எங்களுக்கு நிலம் கிடையாது. என் அம்மா கடைசிவரை களைதான் வெட்டினாள். அதற்குத் திரும்பிப் போகக்கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் இருந்தது.

விடுதியைக் கவனித்துக்கொண்ட அதிகாரியின் மனைவியை நாங்கள் மேடம் என்போம். அவர்தான் ஏற்காட்டிலிருந்து அந்தச் செடிகளைக் கொண்டுவந்தார். பதினோரு தொட்டி. பூவுக்காக வளர்க்கிற ஜாதி இல்லை, இலைக்காக வளர்ப்பது. ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்த கோணல் இலை. நடுவில் வெள்ளிப்பூச்சு, ஓரத்தில் கருஞ்சிவப்பு. தண்டில் பூனை முடி மாதிரி முடி. முதல் நாள் பார்த்தபோது பிளாஸ்டிக் என்று நினைத்துக் கிள்ளிப் பார்த்தேன். தண்ணீர் கசிந்தது. யாரும் பார்க்கவில்லை.

மேடம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இலையில தூசு நிக்கக்கூடாது. தொட்டி காயக்கூடாது. ஏசி நிக்கக்கூடாது, இதெல்லாம் மலைச்செடி. புரிஞ்சுதா?"

மூன்று கட்டளை. மூன்றும் தப்பு. அது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மேடம் மகள் வீட்டுக்குப் பெங்களூர் போனார். இரண்டு மாதம் வரமாட்டார் என்றார்கள். அவர் போன பத்தாவது நாள் ஒரு தொட்டி சாய்ந்தது. நிமிர்த்தினேன், தண்டு கையோடு வந்துவிட்டது. மண்ணை ஒட்டிய இடம் பழுப்பாகக் குழைந்து, ஊறிய சாக்கு மாதிரி நாறியது. விடுதித் தோட்டக்காரர் பெர்மனென்ட் ஆள். அவர் தூரத்தில் நின்றே சொன்னார்: "தண்ணி பத்தல."

நான் பக்கத்துத் தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். குழந்தை கனம் கனத்தது. காய்ந்த தொட்டி இப்படிக் கனக்காது. நான் காலையில் ஒரு மக் ஊற்றுவேன், அவ்வளவுதான். மதியம் எனக்குப் பதில் வருகிற பி ஷிப்ட் அக்காவைப் பிடித்துக் கேட்டேன்.

"அக்கா, நீ செடிக்குத் தண்ணி ஊத்துறியா?"

"ஊத்தாம? காயக்கூடாதுன்னு மேடம் சொல்லிச்சே. ரெண்டு மக்கு ஊத்துறேன்."

"நானும் ஊத்திகினு இருக்கேன்."

"ஐயோ ஏசுவே! நைட்டு வாட்ச்மேன் வேற ஊத்தறாரு. பாட்டில்ல மிச்சம் இருக்கிற தண்ணிய வீணாக்காம அதுலதான் கவுத்துவாரு."

இதுதான் எங்கள் ஊர் வேலை முறை. எதையும் மூன்று ஷிப்டும் செய்யும். இயந்திரத்துக்கு அது சரி. செடிக்கு ஷிப்ட் கிடையாது. அன்று முதல் நான் ஒருத்திதான் ஊற்றுவேன் என்று இரண்டு பேரிடமும் சண்டை போட்டுச் சொன்னேன். மண்ணில் நடுவிரலை இரண்டாவது கணு வரை விட்டுப் பார்ப்பேன். ஈரம் ஒட்டினால் ஊற்றமாட்டேன். இன்னொரு தொட்டி அதற்குள் அழுகிவிட்டது. மீதி ஒன்பது நின்றன. இலை ஓரமெல்லாம் தீய்ந்த மாதிரி மொறுமொறுவென்று இருந்த தொட்டிகளும் இருந்தன. அவை ஏசிக்கு நேர் கீழே இருந்தவை. ஒரு துண்டுத் தாளைத் தொட்டி மேல் பிடித்தேன், படபடவென்று அடித்துக்கொண்டது. நம் முகத்துக்கு நேராக நாளெல்லாம் ஊதினால் நமக்கும் உதடு வெடிக்கும். தாள் ஆடாத இடமாகப் பார்த்து, கிழக்கு ஜன்னல் திரைக்குப் பின்னால் நகர்த்தினேன். தீய்ச்சல் நின்றது.

எனக்கே என்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது. அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

தை மாதக் குளிரில் இலைகளின் மேல் வெள்ளையாக வந்தது. முதலில் ஒரு பொட்டு. சாம்பல் என்று துடைத்தேன். மறுநாள் அதே இடத்தில் இரண்டு பொட்டு. துடைத்தேன். நான்காம் நாள் பக்கத்துத் தொட்டியிலும். வாட்ஸ்அப் எல்லோர் கைக்கும் வந்துவிட்ட புதிது அது. சூப்பர்வைசர் வாராவாரம் செடிகளைப் படம் பிடித்து மேடத்துக்கு அனுப்புவார். மேடத்தின் பதில் குரலாக வந்தது. அதைக் கூடத்தின் நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போட்டுக் காட்டினார்: "என்ன இது, இலையெல்லாம் ஒரே சாம்பல்! அந்தம்மா துடைக்கிறதே இல்லையா?"

"கேட்டுச்சா?" என்றார் சூப்பர்வைசர்.

"கேட்டுது. தெனம் துடைக்கிறேங்க."

"தெனம் துடைச்சா இது எப்படி வரும்? ஏற்கெனவே ரெண்டு தொட்டி காலி. மேடம் வர்றப்ப இந்த வெள்ளை இருந்தா பட்டியல்ல உன் பேரு இருக்காது. நான் சொல்லிட்டேன்."

பயந்தேன். பயத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை துடைத்தேன். இலை ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் ஏந்தி, ஈரத்துணியால், மேலும் கீழும். ஒரு வாரத்தில் எட்டுத் தொட்டியிலும் வெள்ளை. சில இலைகள் சுருண்டு கொட்டின.

எட்டு என்றேன். ஒன்பதாவது தொட்டி வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உயர அலமாரியின் உச்சியில் இருந்தது. நான் குள்ளம். தண்ணீர் ஊற்ற மட்டும் எப்போதாவது ஸ்டூல் போட்டு ஏறுவேன், துடைக்க ஏறியதில்லை. மேடத்துக்குப் போகும் படத்திலும் அது விழாது. அன்றைக்குத் தண்ணீர் பார்க்க ஏறினேன். அதன் இலையில் தூசு அப்பிக் கிடந்தது. விரலால் வழித்தேன். கீழே பளபளவென்று இலை. வெள்ளைப் பொட்டு ஒன்றுகூட இல்லை.

ஸ்டூலை விட்டு இறங்காமல் அங்கேயே நின்று யோசித்தேன். துடைத்த எட்டும் கெட்டுக் கிடக்கிறது. துடைக்காத ஒன்று நன்றாக இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள காலேஜ் போக வேண்டாம்.

ஆனாலும் எனக்குச் சந்தேகம் தீர வேண்டும். பழைய வருடத்து டைரி ஒன்று, கறுப்பு அட்டை போட்டது, மேஜை இழுப்பறையில் கிடந்தது. அதைச் சுத்தமாகத் துடைத்து, கெட்ட தொட்டிகளுக்கு நடுவில் வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால் அட்டை முழுக்க ஒரே சீராக மெல்லிய தூசு. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் நரநரத்தது. அதுதான் சாம்பல். பக்கத்து இலையில் வட்டம் வட்டமாகத் திட்டுத் திட்டாக வெள்ளை. தேய்த்தால் கோதுமை மாவு மாதிரி வழவழத்தது. இலையைத் திருப்பினேன். அடியிலும் இருந்தது. தண்டிலும் இருந்தது. சாம்பல் மேலேயிருந்து விழுகிற பொருள். இலைக்கு அடியில் போய் எப்படி உட்காரும்?

அப்போதுதான் தலையில் உறைத்தது. இதை நான் உளுந்தில் பார்த்திருக்கிறேன். நெல் அறுத்த நிலத்தில் உளுந்து போட்டு, பனி கொட்டும் நாளில் இலை வெளுத்துப்போகும். பூசணம். கந்தகத் தூளைத் தண்ணீரில் கலக்கி அடிப்பார்கள், நானே குடம் குடமாகத் தண்ணீர் சுமந்திருக்கிறேன். வயலில் பார்த்தால் எனக்கு ஒரு நொடியில் தெரிந்திருக்கும். ஏசி கூடத்தில், டைல்ஸ் மேல், பெயிண்ட் அடித்த தொட்டியில் இருந்ததால் தெரியவில்லை. அங்கே நான் வெறும் துணி பிடித்த கை. அதுதான் எனக்கு ஆத்திரம். நோய்ப்பட்ட இலையைத் துடைத்த அதே துணியால் நல்ல இலையைத் துடைத்து, இலைக்கு இலை, தொட்டிக்குத் தொட்டி நானே சுமந்து கொடுத்திருக்கிறேன். ஈரம் வேறு.

சூப்பர்வைசர் ஒன்பது மணிக்கு வந்தார். தோட்டக்காரரும் கூட வந்தார்.

"எங்க துணி? சும்மா நின்னுகினு இருக்க?"

"செடிய இனிமே துடைக்க மாட்டேங்க."

"இன்னா?"

"இது சாம்பல் இல்லீங்க. நோவு. துடைக்கத் துடைக்கப் பரவுது."

"நீ இன்னா டாக்டரா?"

"டாக்டர் இல்லீங்க. கண்ணு இருக்குது."

தோட்டக்காரர் சிரித்தார். "இத்தினி வருசமா இங்க செடி பாத்துகினு இருக்கேன். நெய்வேலில வெள்ளையா இருந்தா அது சாம்பல்தாம்மா. வேற இன்னா பனியா பெய்யுது?"

"அண்ணே, கொஞ்சம் குனிஞ்சி எலைக்கு அடியில பாருங்க."

"எனக்கு இடுப்பு வலி. நீ போய் துணிய எடு."

குனியவே இல்லை. கடைசிவரை குனியவில்லை. சூப்பர்வைசர் போனை எடுத்து நாள் கணக்குப் பார்த்தார். மேடம் வர மூன்று வாரம் இருந்தது.

"பட்டியல் அப்பதான் போவும். நீயே யோசிச்சிக்க."

"வெள்ளை இருந்தா என் பேரை எழுதாதீங்க. ஆனா அதுவரைக்கும் இந்தச் செடிய என்னத் தவிர யாரும் தொடக்கூடாது."

சொல்லிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

வேலையை அன்றே தொடங்கினேன். கெட்ட இலை ஒவ்வொன்றுக்கும் மேலே பாலித்தீன் பையை மாட்டி, பைக்குள்ளேயே வைத்துக் காம்பை வெட்டினேன். அப்படியே வெட்டிப் போட்டால் மாவு பறக்கும். ஒரு தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் நடுவில் பிளேடை டெட்டாலில் கழுவினேன். பாதி இலைக்கு மேல் போய்விட்டது. ஒரு தொட்டியில் இரண்டே இலை. பைகளைக் கட்டி வெளியே கொண்டுபோய் எரித்தேன். தொட்டிகளை ஒன்றோடொன்று உரசாமல் முழ இடைவெளியில் வைத்தேன்.

சூப்பர்வைசர் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். "மொட்ட அடிச்சி வச்சிருக்கியேம்மா! இது இன்னா திருப்பதியா?"

"முடி திரும்ப மொளைக்குங்க."

மாலை உரக்கடைக்குப் போனேன். தண்ணீரில் கரையும் கந்தகத் தூள் கேட்டேன். கடைக்காரர் கேட்டார், "எத்தினி ஏக்கருக்கு?"

"எட்டுத் தொட்டிக்கு."

அவர் சிரித்த சிரிப்பில் கடையில் நின்ற இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும். சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். வயலுக்குக் கலக்குவதில் பாதி அளவுதான் கலக்கினேன். அதையும் எல்லாவற்றுக்கும் அடித்துவிடவில்லை. ஒரே ஓர் இலையில் அடித்து இரண்டு நாள் காத்திருந்தேன். இலை பொசுங்கவில்லை. மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறும் முன், எட்டுத் தொட்டிகளையும் பின் வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டுபோய், இலையின் மேலும் அடியிலும் லேசாக அடித்து, காய்ந்த பிறகு உள்ளே வைத்தேன். உச்சி வெயிலில் கந்தகம் அடித்தால் இலை வெந்துபோகும். இது களைவெட்டப் போனவளுக்குத் தெரியும், பெர்மனென்ட்டுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

தூசு மட்டும் விழுந்துகொண்டேதான் இருந்தது. அதற்கு ஒரு சின்னப் பெயிண்ட் பிரஷ் வாங்கினேன், பிள்ளைகள் படம் வரைவது. காய்ந்த பிரஷ்ஷால் மெல்லத் தட்டிவிடுவேன். தண்ணீர் மண்ணுக்கு மட்டும். இலையில் ஒரு சொட்டுப் படக்கூடாது.

இரண்டாம் வாரம் எல்லாம் நன்றாகப் போனது. மூன்றாம் வாரத் தொடக்கத்தில் ஒரு காலை வந்து பார்த்தால் ஜன்னல் ஓரத்து இரண்டு தொட்டிகளின் இலைகள் பளிச்சென்று மின்னின. ஈரத்துணி பட்ட மினுமினுப்பு. எனக்குத் தெரியாதா அது? வேலையை முடித்துவிட்டு, மதியம் பி ஷிப்ட் அக்கா வரும்வரை வாசலிலேயே நின்றேன்.

"அக்கா, செடிய துடைச்சியா?"

அவள் தலையைச் சொறிந்தாள். "ரெண்டே ரெண்டுடி. சோபாவத் துடைச்சிகினே வந்தனா, கை அப்பிடியே போயிடுச்சி."

"உன் கைய ஒடைக்கிறேன் பாரு! என் பாஸு போவப்போவுது, உனக்குக் கை போவுதா?"

"கத்தாதடி, உள்ள ஆபீசர் தூங்கறாரு."

"தூங்கட்டும்! எழுந்து வந்தா அவருகிட்டயும் சொல்றேன்."

அவள் முகம் சிறுத்துவிட்டது. அவளுக்கும் துடைப்பதுதான் இருபது வருடத் தொழில். தூசைக் கண்டால் கை நிற்காது. அது புரிந்தாலும் என் கோபம் இறங்கவில்லை. ஐந்து நாளில் அந்த இரண்டு தொட்டிகளில் ஒன்றில் மறுபடி ஒரு வெள்ளைப் பொட்டு வந்தது. மேடம் வர இரண்டு நாள்தான். அந்த இலையை வெட்டினேன், அந்தத் தொட்டிக்கு மட்டும் மறுபடி மருந்தடித்தேன், தனியாக வராந்தாவில் வைத்தேன். மற்ற ஏழும் அப்படியே சுத்தமாக நின்றன. சொன்னால் நம்பமாட்டீர்கள், அதற்குப் பிறகு அக்காதான் காவல். சூப்பர்வைசர் ஒரு நாள் இலையைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டியபோது, "ஐயா, கைய எடுங்க, அவ கடிச்சிடுவா" என்றாளாம்.

மேடம் வந்தார். நானும் நின்றேன். சூப்பர்வைசரும் தோட்டக்காரரும் முன்னால் நின்றார்கள். தோட்டக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்: "நோய் வந்துச்சுங்க மேடம். மருந்து அடிச்சி சரி பண்ணியாச்சி."

பண்ணியாச்சி! யார் பண்ணியது?

"நான் அடிச்சேங்க," என்றேன். "இவரு சாம்பல்னு சொன்னாரு."

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வராந்தாவில் இருந்ததையும் சேர்த்து ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தார். இலையைத் திருப்பி அடியிலும் பார்த்தார். குனிந்து பார்த்த முதல் ஆள் அவர்தான். ஒவ்வொன்றிலும் நடுவிலிருந்து புது இலை சுருள் பிரிந்துகொண்டிருந்தது, நகம் அளவு, சிவப்பாக, முடியோடு. வெள்ளை எங்கேயும் இல்லை.

"பதினொன்னு குடுத்தேன். ஒன்பதுதானே இருக்கு?"

"ரெண்டு அழுகிடுச்சிங்க. மூணு ஷிப்டும் தண்ணி ஊத்தினோம். காயக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்க."

சூப்பர்வைசர் இருமினார்.

"துடைக்க வேண்டாம்னு யார் சொன்னது?"

"நான்தாங்க."

"நான் துடைக்கச் சொல்லியிருந்தேனே."

"ஆமாங்க. அது தப்புங்க. நானும் துடைச்சேன், அதுவும் தப்புங்க."

என் குரல் கொஞ்சம் பெரிதாகவே வரும். அன்றும் அப்படித்தான் வந்தது. மேடம் என்னைப் பார்த்தார். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "வீட்டில நாலு தொட்டி வச்சிருக்கேன். அதிலயும் இதே வெள்ளை. நேத்து ராத்திரி வந்ததும் நானே உக்காந்து எல்லாத்தையும் துடைச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. மேடமும் சிரித்தார்.

"நாளைக்கு வந்து பாக்கறியாம்மா?"

"டியூட்டி நேரத்துல வரேங்க. ரெண்டு மணிக்கு மேல என் வூட்டு வேல இருக்குது."

சூப்பர்வைசர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். மேடமோ தலையை ஆட்டிவிட்டு அவரிடம் திரும்பி, "இந்தச் செடிங்களை இவங்க மட்டும் பாக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதிகமாக ஒன்றும் புகழவில்லை. எனக்கு அது போதும். நான் செய்ததை நானே என் வாயால், எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். தோட்டக்காரர் அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் என்ன, தொட்டி வளராதா?

மறுநாள் ஷிப்ட் முடியும்போது சூப்பர்வைசர் பதிவேட்டைப் பார்த்தபடியே சொன்னார், "பாஸுக்கு போட்டோ ரெண்டு கொண்டா. பழசு வேணாம், புதுசு எடு."

நேராகச் சைக்கிளை மெயின் பஜார் ஸ்டுடியோவுக்கு விட்டேன். வேலைப் புடவையிலேயே போய் உட்கார்ந்தேன். முகம் கழுவவில்லை. படம் எடுக்கிறவர் விளக்கைப் போட்டுவிட்டு, கேமராவுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, மொகவாய கொஞ்சம் கீழ எறக்குங்க. ரொம்பத் தூக்கியிருக்கீங்க."

இறக்கிப் பார்த்தேன். நிற்கவில்லை.

"இன்னும் கொஞ்சம்க்கா."

"இவ்ளோதான் எறங்கும். எடுப்பா."

எடுத்தார். அந்த வருடப் பாஸில் துப்புரவு என்றுதான் போட்டிருந்தது. மேலே என் படம், முகவாய் தூக்கியபடியே. கேட்டில் செக்யூரிட்டி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மொறைக்கிற?" என்று கேட்டார். முறைக்கவில்லை என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தேன்.